சுவிஸ் இராணுவ மருத்துவப் பரிசோதனை: மட்டக்களப்பிலிருந்து என்ன தேடி அனுப்ப வேண்டும்

பேர்னில் இருக்கும் என் அண்ணனின் மகனுக்குக் கடிதம் வந்த அன்று, கல்லடியில் எங்கள் வீட்டுக்குச் செய்தி வந்து சேர்ந்த விதமே பிழை. "உங்கட பேரனை ஆமிக்கு எடுக்கப் போறாங்களாம்" என்று யாரோ போனில் சொல்லிவிட்டார்கள். அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார். "மறுகாவும் புள்ள பிடிக்கத் தொடங்கிட்டாங்களா?" அன்று முழுக்க இதே கேள்விதான். யுத்த காலத்தில், இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒருவர் என்ற சொல் புழங்கிய ஊர் இது. கட்டாய சேவை என்றால் படலையில் வாகனம் வந்து நிற்பதுதான் அவருக்குத் தெரியும்.

சுவிஸில் நடப்பது வேறு. கடிதம் வரும், தேதி சொல்வார்கள், போய்வர ரயில் செலவும் அவர்களுடையது. டொக்டர் சோதிப்பார். முடிவு எழுத்தில் வரும். பிடிக்காவிட்டால் முறையிடலாம். இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தவே எனக்கு இரண்டு நாள் எடுத்தது. அதற்குப் பிறகு ஊரில் இன்னும் மூன்று குடும்பங்கள் இதே விஷயமாக என்னிடம் வந்தன. நான் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவள், பழைய கார்ட்டுகளை வாசிக்கத் தெரியும் என்பதுதான் காரணம். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று பட்டது. இதில் பாதி அங்கே இருக்கும் பொடியன்களுக்கு, பாதி இங்கே றங்குப்பெட்டிக்குச் சாவி வைத்திருக்கும் அம்மம்மா, அப்பம்மாமாருக்கு.

யாருக்குக் கடிதம் வரும்?

சுவிஸ் குடியுரிமை உள்ள ஆண்களுக்கு மட்டும். அந்த நாட்டு அரசியலமைப்பின் 59 ஆவது உறுப்புரை இதைச் சொல்கிறது. பி, சி விசாவில், அதாவது குடியுரிமை இல்லாமல் வதிவிட அனுமதியில் இருப்பவர்களுக்கு இந்தக் கடமை இல்லை. பெண்பிள்ளைகள் விரும்பினால் போகலாம், கட்டாயம் இல்லை. இலங்கையில் கட்டாய இராணுவ சேவை நடைமுறையில் இல்லை. ஆனாலும் "நான் இலங்கையில் பிறந்தவன்" என்பது அங்கே காரணமாகாது. சிவப்புப் பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றே இந்தக் கடமையும் கூட வந்துவிடுகிறது. நம்முடைய பல குடும்பங்கள் இதைக் குடியுரிமை விண்ணப்பம் போடும்போது யோசிப்பதில்லை.

இதை ஒழிக்க வேண்டுமா என்று 2013 செப்டம்பர் 22 இல் அந்த நாட்டு மக்களிடமே வாக்கு கேட்டார்கள். 73 வீதமானோர் வேண்டாம், இருக்கட்டும் என்றார்கள். அதனால் சீக்கிரம் எடுத்துவிடுவார்கள் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

ஆள் தெரிவு 18 வயது முதல் 24 வயதுக்குள் நடக்கும். என் மருமகன் 2004 இல் மட்டக்களப்பில் பிறந்து, எட்டு வயதில் போய், இருபது வயதில் குடியுரிமை எடுத்தவன். அதனால் கூடப் படித்த சுவிஸ் பொடியன்களுக்கு வந்து கொஞ்சக் காலம் கழித்தே அவனுக்குக் கடிதம் வந்தது.

மற்ற நாடுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். நோர்வேயில் 2015 இலிருந்து ஆண், பெண் இரு பாலாருக்கும் கடமை உண்டு. முதலில் இணையத்தில் தன்னைப் பற்றிய விவரம் நிரப்ப வேண்டும், அதைப் பார்த்துத்தான் நேரில் அழைப்பார்கள். ஜெர்மனியில் 2011 இல் நிறுத்தி வைத்தார்கள். 2008 இலும் அதற்குப் பிறகும் பிறந்த ஆண்கள் கேள்விக்கொத்து நிரப்ப வேண்டும் என்ற புதிய சட்டம் 2026 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. கனடாவிலும் இங்கிலாந்திலும் இந்தக் கதையே இல்லை. இனி எழுதுவது எல்லாம் சுவிஸ் பற்றியது. ஆனால் பழைய மருத்துவக் கடதாசி தேடும் பகுதி எந்த நாட்டுப் பிள்ளைக்கும் பொருந்தும்.

எந்த ஒழுங்கில் நடக்கும்?

முதலில் தகவல் நாள் என்று ஒரு நாள். கன்டோன், அதாவது அங்குள்ள மாநில நிர்வாகம்தான் அதை நடத்தும். இராணுவம், சிவில் சேவை, சிவில் பாதுகாப்பு என்று என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று விளக்குவார்கள், எந்தக் காலத்தில் பயிற்சிக்கு வர வசதி என்று கேட்பார்கள். ஆண்கள் கட்டாயம் போக வேண்டும்.

இரண்டாவது, மருத்துவக் கேள்விக்கொத்து. இதை முன்கூட்டியே நிரப்ப வேண்டும். டொக்டர்மாரின் அறிக்கைகள் இருந்தால் கூட இணைக்க வேண்டும். என் கணக்கில் முழு விஷயமும் இந்தக் கடதாசியில்தான் இருக்கிறது. பொடியன்கள் இதைப் பேருந்தில் இருந்துகொண்டு அஞ்சு நிமிடத்தில் நிரப்புகிறார்கள்.

மூன்றாவது, ஆள் தெரிவு மையத்தில் இரண்டு மூன்று நாள். பேர்ன் பக்கத்தவர்களுக்கு சுமிஸ்வால்ட், சூரிச் பக்கத்தவர்களுக்கு ரூட்டி, கிழக்கே மெல்ஸ், இத்தாலிய மொழிப் பகுதிக்கு மொன்டே செனெரி என்று இடத்துக்கு இடம் மையங்கள் இருக்கின்றன. அங்கேதான் சோதனை, அங்கேதான் முடிவு.

அழைத்தும் போகாமல் விடுவது தண்டனைக்குரிய குற்றம். காய்ச்சலோ பரீட்சையோ இருந்தால் முன்கூட்டியே எழுத்தில் அறிவித்துத் தேதி மாற்றலாம். கன்டோனின் க்ரைஸ்கொமாண்டோ என்ற அலுவலகம்தான் அதற்குரிய இடம்.

கேள்விக்கொத்து: தன் வருத்தம் தனக்கே தெரியாத பிள்ளை

ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு மருமகன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். "மாமி, எனக்குச் சின்ன வயசில இருதயத்தில ஓட்டை இருந்ததா?"

இருந்தது. 2009 இல், அவனுக்கு ஐந்து வயதில், காய்ச்சலுக்குக் காட்டப்போன இடத்தில் டொக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, எக்கோ என்ற இருதய ஸ்கான் எடுக்கச் சொன்னார். சின்ன ஓட்டை. இரண்டு வருடம் கிளினிக் போனார்கள். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அண்ணிக்கு அது வெளியே தெரிந்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும் என்ற பயம். பொடியனுக்கே சொல்லவில்லை. கேள்விக்கொத்தில் இருதய நோய் என்ற இடத்தில் இல்லை என்று போடப்போன வேளையில், அண்ணன் பக்கத்தில் இருந்து வாய்தவறிச் சொல்லியிருக்கிறார்.

இப்படி மறைந்து கிடக்கும் வருத்தங்கள் நம்முடைய வீடுகளில் நிறைய உண்டு. ஆகவே அங்கே இருக்கும் தம்பிமார் முதலில் செய்ய வேண்டியது, இங்கே வீட்டுக்கு ஒரு போன். அம்மாவைவிட அம்மம்மாவுக்கு, அப்பம்மாவுக்கு ஞாபகம் கூட. ஒரு பிரச்சினை மட்டும் இருக்கிறது: அவர்கள் சொல்லும் பெயர் டொக்டருக்கு விளங்காது. நீங்கள்தான் துருவிக் கேட்க வேண்டும்.

முட்டு, இழுப்பு என்று சொன்னால் ஆஸ்துமாவாக இருக்கலாம். கடைசியாக எந்த வயதில் வந்தது, பம்ப் அடித்தானா, ஆஸ்பத்திரியில் வைத்து ஆவி பிடித்தார்களா என்று கேளுங்கள். ஆறு வயதில் நின்றுபோன இழுப்பும், போன மாரியில் விளையாடும்போது வந்த இழுப்பும் டொக்டருக்கு ஒன்றல்ல.

வலிப்பு என்றால், காய்ச்சலோடு வந்ததா, காய்ச்சல் இல்லாமல் வந்ததா என்பதே முதல் கேள்வி. குழந்தையில் காய்ச்சலோடு ஒன்றிரண்டு தடவை வந்து நின்றது பெரும்பாலும் பெரிய விஷயம் இல்லை. காய்ச்சல் இல்லாமல் வந்து, வருடக்கணக்கில் குளிசை குடித்திருந்தால் அது கால்-கை வலிப்பு. துவக்கும் வாகனமும் கையில் கொடுக்கப் போகிற இடத்தில் அதைச் சொல்லியே ஆக வேண்டும். மாமாங்கக் கோயிலுக்கு நேர்த்தி வைத்துத்தான் நின்றது என்று பெத்தம்மா சொன்னால் மறுக்க வேண்டாம். எந்த வருடத் திருவிழாவுக்கு நேர்த்தி வைத்தார் என்று கேளுங்கள். வயது சரியாகக் கிடைத்துவிடும். நான் அப்படித்தான் இரண்டு பேருக்குக் கணக்குப் பார்த்தேன்.

மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, மாதம் ஒரு ஊசி என்று வருடக்கணக்கில் போட்டிருந்தால் அது ருமாட்டிக் காய்ச்சல். இருதய வால்வைத் தாக்கக்கூடியது. சுவிஸில் இளம் டொக்டர்மார் இதை நேரில் பார்த்திருப்பது அரிது. அவர்களாகக் கேட்கமாட்டார்கள், நீங்களாகச் சொல்ல வேண்டும்.

செங்கமாரி வந்தது என்றால் கீழ்க்காய்நெல்லி குடித்த கதை எல்லாம் வரும். எந்த வகை ஹெப்படைட்டிஸ் என்பது இரத்தச் சோதனையில்தான் தெரியும். ஊர்க் கதையை வைத்துக்கொண்டு நீங்களே வகையை எழுதாதீர்கள். குழந்தையில் செங்கமாரி வந்தது, வகை தெரியாது என்று எழுதினால் போதும்.

அப்புறம் காயங்கள். 2006, 2007 காலத்தில் வாகரைப் பக்கம், படுவான்கரைப் பக்கம் இருந்த குழந்தைகள் சிலரின் உடம்பில் ஷெல் துண்டு இன்னும் இருக்கிறது. நோவதில்லை, மறந்தும் போயிருப்பார்கள். உடம்புக்குள் உலோகம் இருப்பது எம்.ஆர்.ஐ. எடுக்கிற எவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். எலும்பு முறிந்து கம்பியோ பிளேட்டோ வைத்திருந்தால், அது உள்ளே இருக்கிறதா, எடுத்தாயிற்றா என்பதையும் எழுதுங்கள்.

நித்திரை, பயம், மனம் பற்றிய கேள்விகளும் வரும். இதில்தான் நம்முடைய பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று கோடு இழுத்துக்கொண்டு போகிறார்கள். சுனாமியில் ஆளை இழந்த வீட்டில் வளர்ந்தவன், வெடிச் சத்தத்துக்கு இன்றைக்கும் திடுக்கிடுபவன், அதை எழுதினால் பைத்தியம் என்று நினைப்பார்கள் என்று பயப்படுகிறான். இராணுவ டொக்டரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்தான். சூட்டுப் பயிற்சித் திடலில் போய் உடைவதைவிட அந்த அறையில் வைத்துச் சொல்வது எவ்வளவோ மேல்.

இங்கே என்ன தேடுவது, எப்படி எடுப்பது?

வீட்டில் முதலில் தேட வேண்டியது குழந்தையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு. மிட்வைஃப் அம்மா நிறை பார்த்துக் கோடு போட்டுத் தந்த அதே கார்ட் புத்தகம்தான். பிறந்த நிறை, தடுப்பூசித் தேதிகள், சில வேளை டொக்டர் எழுதிய குறிப்பும் அதில் இருக்கும். சுனாமியில் வீட்டோடு போயிருந்தால், அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பூசி விவரம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது, கிளினிக் கொப்பி. மூன்றாவது, டயக்னோசிஸ் கார்ட். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அனுப்பும்போது தரும் மட்டை அது. நம்முடைய நாட்டில் இதை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள். சுவிஸ் டொக்டர் வாசித்துவிடுவார், மொழிபெயர்ப்புக்குக் காசு கொட்டத் தேவையில்லை. கையெழுத்து விளங்காததுதான் கஷ்டம். இங்கே இருக்கும் ஒரு டொக்டரிடமோ தாதியிடமோ காட்டி, நோயின் பெயர், தேதி, மருந்து மூன்றையும் அச்செழுத்தில் எழுதி வாங்கிக் கூட அனுப்புங்கள்.

மட்டை தொலைந்திருந்தால், சேர்த்த ஆஸ்பத்திரியின் பதிவு அறைக்குப் போக வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ, கல்முனை, அக்கரைப்பற்று, களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைகளோ, அம்பாறை பொது வைத்தியசாலையோ, எங்கே என்றாலும் அவர்களுக்கு வேண்டியது ஏறக்குறைய ஒன்றுதான்: எந்தத் தேதி, எந்த வார்ட், முடிந்தால் பி.எச்.டி. (வார்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் எழுதும் கட்டில் பதிவு) இலக்கம். தேதி தெரியாமல் போனால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பிள்ளை இருப்பது வெளிநாட்டில் என்பதால், எனக்குப் பதிலாக இன்னார் பெற்றுக்கொள்ளலாம் என்று அவன் கையெழுத்திட்ட கடிதமும், பாஸ்போர்ட் பிரதியும் அனுப்பட்டும். போகிறவர் தன் அடையாள அட்டையோடு போகட்டும்.

பழைய பி.எச்.டி.களை எல்லாக் காலத்துக்கும் வைத்திருக்கமாட்டார்கள். நான் ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் மினக்கெட்டேன், பெயர் வேண்டாம். மூன்றாம் நாள் அந்த வருடத்துக் கட்டு இல்லை என்று சொன்னார்கள். முதல் நாளே சொல்லியிருக்கலாம். எனக்கு அன்று வந்த கோபத்துக்கு, வீட்டுக்கு வந்து றங்குப்பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினேன். அம்மாவின் கூறைச் சேலைக்கு அடியில், காணி உறுதியோடு மடித்து வைத்திருந்தது எக்கோ அறிக்கை. 2009 இல் எடுத்ததும் இருந்தது, 2011 இல் எடுத்ததும் இருந்தது. இரண்டாவதில் ஓட்டை மூடிவிட்டது என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். ஆகவே ஆஸ்பத்திரிக்கு அலையுமுன் வீட்டைக் கிளறுங்கள்.

இருதய ஒப்பரேஷன் செய்த பிள்ளைகளுக்கு அநேகமாகக் கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியில்தான் செய்திருப்பார்கள். அதன் விவரத்தை அங்கேதான் கேட்க வேண்டும், மட்டக்களப்பில் கேட்டுப் பயனில்லை.

கிடைத்ததை எல்லாம் வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்பினால் போதும். மூலப்பிரதியைத் தபாலில் போடாதீர்கள். பொடியன் அதை நேரே இராணுவத்துக்கு அனுப்பாமல், முதலில் தன் குடும்ப டொக்டரிடம் கொண்டுபோகட்டும். அவர் பார்த்து, இப்போதைய நிலையையும் சேர்த்து, அந்த நாட்டு மொழியில் ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பார். பதினைந்து வருடத்துப் பழைய மட்டை பத்தைவிட அந்த ஒரு பக்கத்துக்கு மதிப்பு அதிகம். ஆனால் அந்தப் பக்கத்தை எழுத அவருக்கு இந்த மட்டைகள் வேண்டும்.

தடுப்பூசி பற்றி

மையத்தில் தடுப்பூசிப் புத்தகத்தைப் பார்ப்பார்கள், குறை இருந்தால் போட்டுக்கொள்கிறாயா என்று கேட்பார்கள். சுவிஸ் புத்தகத்தில் ஊரில் போட்டவை ஏறியிருக்காது. அதனால் போட்ட ஊசியையே திரும்பவும் போட்டுக்கொண்டு வந்தவர்களும் உண்டு. ஆபத்தில்லை, வீண் நோவு.

நம்முடைய பட்டியலில் கவனிக்க வேண்டியவை மூன்று. பிறந்தவுடன் இடது புயத்தில் போடும் பி.சி.ஜி. தழும்பு அங்கே பொடியன்களுக்கு இருப்பதில்லை, அது என்ன என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பி.சி.ஜி. போட்டவர்களுக்குக் காசநோய்த் தோல் சோதனை சில வேளை வீங்கிக் காட்டும், நோய் இருக்கிறது என்று உடனே பதற வேண்டாம். அடுத்தது, சின்னமுத்து, கூவைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசி இலங்கையில் 2011 இல்தான் வந்தது. அதற்கு முன் ஊசி போட்டு முடித்த பிள்ளைகளுக்குச் சின்னமுத்துக்கும் ருபெல்லாவுக்கும் போட்டிருப்பார்கள், கூவைக்கட்டுக்குப் போட்டிருக்கமாட்டார்கள். மூன்றாவது, ஹெப்படைட்டிஸ் பி 2003 இலிருந்து படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. அதை ஒட்டிப் பிறந்தவர்கள் கார்ட்டைப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும்.

மையத்தில் அந்த இரண்டு மூன்று நாள்

இதை மருமகன் சொன்னபடி எழுதுகிறேன். உயரம், நிறை, இரத்த அழுத்தம். கண், நிறம் பிரித்தறிதல். காதில் ஹெட்போன் வைத்துச் சத்தம் கேட்கிறதா என்று சோதனை. குழாயில் ஊதி நுரையீரல் பலம் பார்ப்பது. ஈ.சி.ஜி. விரும்பினால் இரத்தப் பரிசோதனை. கணினிக்கு முன்னால் நீண்ட கேள்விகள், அறிவுக்கும் மனநிலைக்கும். கடைசியில் டொக்டரோடு தனியே பேச்சு. கேள்விக்கொத்தில் எழுதியதைப் பார்த்துக்கொண்டே கேட்பார். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியையும் அதன் அளவுத் துண்டையும் கொண்டுபோக மறக்க வேண்டாம்.

உடற்தகுதிப் போட்டியும் உண்டு, ஐந்து விதம்: இருந்தபடி 2 கிலோ பந்தை எறிவது, நின்ற இடத்திலிருந்து பாய்வது, ஒற்றைக் காலில் நிற்பது, முழங்கையில் ஊன்றி உடம்பை நேராகத் தாங்குவது, வேகம் கூடிக்கொண்டே போகும் ஓட்டம். ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. இதில் குறைந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது பிழையான கதை. எந்த வேலைக்குப் போடுவது என்று பார்ப்பதற்குத்தான் இது பெரும்பாலும் உதவுகிறது. இரண்டு மாதம் ஓடிப் பழகிவிட்டுப் போனால் கேட்ட பிரிவு கிடைக்க வாய்ப்புக் கூடும்.

ஆளின் பின்னணியையும் பார்ப்பார்கள், பொலிஸ் வழக்கு ஏதும் உண்டா என்று. காரணம், அந்த நாட்டில் சிப்பாய் தன் துவக்கைத் தன் வீட்டிலேயே வைத்திருக்கிறான். இதைக் கேட்டு அம்மா அடைந்த அதிர்ச்சி கொஞ்சம் இல்லை. "வீட்டுக்குள்ள துவக்கா? செக்கிங் வந்தா?" மனச்சாட்சிக்கு ஒவ்வாது என்றால் ஆயுதம் இல்லாத சேவை கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்கு வேறாக எழுதிக் கொடுக்க வேண்டும், டொக்டர் அதை முடிவு செய்வதில்லை.

என்னென்ன முடிவு வரலாம்?

தகுதி என்று வரலாம். அதை டவுக்லிஹ் என்பார்கள். பயிற்சி 18 கிழமை. சாதாரண சிப்பாய்க்கு மொத்தம் 245 நாள் சேவை. சில கட்டுப்பாடுகளோடு தகுதி என்றும் வரலாம், பாரம் தூக்கக்கூடாது என்பது போல. இராணுவத்துக்குப் பொருந்தாது, சிவில் பாதுகாப்புக்குப் பொருந்தும் என்று வரலாம். வெள்ளம், மண்சரிவு, ஊர் அனர்த்தம் என்றால் இறங்குபவர்கள் அவர்கள். இரண்டுக்கும் பொருந்தாது என்றும் வரலாம். சோதனை முடியவில்லை, அல்லது உடம்பு இப்போது தயாரில்லை என்றால், பிறகு வா என்று தள்ளி வைப்பார்கள். முறிந்த கால் ஆறிக்கொண்டிருப்பவனுக்கு இது நடக்கும்.

சிவில் சேவை என்பது தனி வழி. வயோதிபர் இல்லம், ஆஸ்பத்திரி, காடு என்று வேலை செய்வது. நாள் ஒன்றரை மடங்கு, 245 க்குப் பதிலாக 368. முன்பு மனச்சாட்சியை விசாரித்துத்தான் விடுவார்கள், 2009 இலிருந்து அந்த விசாரணை இல்லை. ஆனால் இதற்குப் போகவும் முதலில் இராணுவத்துக்குத் தகுதி என்று வர வேண்டும். இதைத் தெரியாமல், முதலில் தகுதியில்லை என்று எடுத்துக்கொண்டு பிறகு சிவில் சேவை செய்வோம் என்று திட்டம் போட்ட ஒரு பொடியனை எனக்குத் தெரியும்.

தகுதியில்லை என்று வந்தால் தப்பியாயிற்று என்று இங்கே சிலர் பொங்கல் வைக்கிறார்கள். பொறுங்கள். சேவை செய்யாதவர் விலக்கு வரி கட்ட வேண்டும். வரிக்குரிய வருமானத்தில் 3 வீதம், குறைந்தது வருடம் 400 பிராங். அதிகபட்சம் 11 வருடம், 37 வயதுக்குள். வருடம் 60,000 பிராங் வரிக்குரிய வருமானம் உள்ளவருக்கு 1,800 பிராங். அதைப் பதினொன்றால் பெருக்கினால் 19,800. சிவில் பாதுகாப்பில் செய்யும் நாளுக்கு ஏற்ப வரி குறையும். பெரிய உடற்குறைபாடு உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. இல்லாத வருத்தத்தைச் சொல்லி ஏமாற்றுவது அந்நாட்டு இராணுவத் தண்டனைச் சட்டத்தின்படி குற்றம். ஆகவே "இடுப்பு நோவு எண்டு சொல்லு மச்சான், விட்டிருவாங்க" என்று சொல்லும் சிநேகிதனின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

விரும்பியும் போக முடியாமல் போகிறவர்களும் உண்டு. ஸ்வென் குளோர் என்ற சுவிஸ்காரருக்கு முதலாம் வகை நீரிழிவு. 1997 இல் தகுதியில்லை என்றார்கள். அவருக்கோ சேவை செய்ய ஆசை. சேவையும் இல்லை, வரியும் கட்டு என்றதும் வழக்குப் போட்டார். 2009 ஏப்ரலில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், இது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு, இப்படியானவர்கள் விரும்பினால் தங்கள் உடம்புக்கு ஏற்ற வேலைகளில் சேவை செய்யக் கேட்கலாம் என்ற வழி திறந்தது. நம்முடைய ஆட்களில் இன்சுலின் போடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், கேட்காமல் தானாக வராது.

முடிவு பிழை என்று பட்டால், கடிதத்தில் சொல்லியிருக்கும் நாளுக்குள் முறையிட வேண்டும். வேறொரு மருத்துவக் குழு பார்க்கும், அதன் முடிவே கடைசி. புதிய அறிக்கை எதுவும் இல்லாமல் வெறும் கோபத்தை எழுதி அனுப்பிப் பயனில்லை. பிறகு உடம்பு நிலை மாறினால், சேவைக்குள் இருப்பவர்கூடத் திரும்பவும் தகுதி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

மருமகனுக்கு ஈ.சி.ஜி.யில் சின்ன ஐமிச்சம் வந்திருக்கிறது. டொக்டர் கேள்விக்கொத்தைப் புரட்டியிருக்கிறார். 2011 இன் எக்கோ, அதற்கு மேல் பேர்ன் குடும்ப டொக்டர் எழுதிய ஒரு பக்கம், போன மாதம் எடுத்த புதிய எக்கோ, மூன்றும் வரிசையாக இருந்தன. பத்து நிமிடத்தில் முடிந்ததாம். அன்று பின்னேரம் வாட்ஸ்அப்பில் ஒரே சொல் வந்தது: டவுக்லிஹ்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "லீவு குடுப்பாங்களா, மாமாங்கத் தீர்த்தத்துக்கு வருவானா?" என்று கேட்டார். பயிற்சி எந்த மாதம் என்று இன்னும் தெரியவில்லை. எக்கோ அறிக்கை இரண்டையும் திரும்ப மடித்து, கூறைச் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறார்.